அப்பாவின் டைரியா, பிட்வார்டனா: பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது?

அப்பாவின் பாஸ்வேர்டுகள் ஒரு பழைய எல்.ஐ.சி டைரியில் இருக்கின்றன. பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கும் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கும் நடுவில் அதற்கு நிரந்தர இடம். நெட்பேங்கிங் பக்கத்தைத் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஆறு அடிக்கப்பட்டிருக்கும். ஏழிலும் ஒரே ஊர்ப்பெயர்தான். கடைசி எண் மட்டும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரிக்க எனக்குத் தகுதி இருந்ததா என்றால், இல்லை. மூன்றே பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு அறுபது எழுபது தளங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். எப்போதோ ஒரே ஒரு சட்டை வாங்கிய ஷாப்பிங் தளம் ஒருநாள், உங்கள் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று மெயில் அனுப்பியது. அதோடு மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து, என் மெயில் கணக்குக்குள் வேறு ஊரிலிருந்து யாரோ நுழையப் பார்த்ததாக எச்சரிக்கை வந்தது. சட்டைக் கடைக்கும் மெயிலுக்கும் ஒரே சாவி போட்டிருந்தேன்.

பழைய கதைதான். லிங்க்ட்இன் தளத்தில் 2012-இல் பாஸ்வேர்டுகள் திருடு போயின. முதலில் வெளியே தெரிந்தது 65 லட்சம். நான்கு ஆண்டுகள் கழித்து 2016-இல், 11.7 கோடிக் கணக்குகளின் பட்டியல் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், அந்தப் பட்டியலில் கிடைத்த பாஸ்வேர்டையே போட்டுத் திறந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஃபேஸ்புக் முதலாளிக்கே அந்தக் கதி.

ஆக, தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அறுபதை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும்: தாளிலோ, பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைத்து வேண்டும்போது தானே நிரப்பும் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் ஆப்பிலோ. இதற்கான ஒப்பீடுகளைத் தேடினால் பெரும்பாலானவை குறியாக்க முறைகளின் பெயர்களை ஒப்பித்துவிட்டு, எது அதிகப் பாதுகாப்பு என்று சொல்லி முடித்துவிடுகின்றன. நான் கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மாறிப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது திருடன் இல்லை. ஒருமுறை என் மறதி, ஒருமுறை செத்துப்போன போன். அதனால் கள்ளன் வந்தால் என்ன ஆகும் என்பதோடு, சாவி இல்லாமல் நானே வெளியே நின்றால் என்ன ஆகும், நான் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் எப்படித் திறப்பார்கள் என்பதையும் சேர்த்தே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

டைரி

டைரியைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பாதுகாப்பு வல்லுநர் ப்ரூஸ் ஷ்னையர் 2005-லேயே, கடினமான பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டு அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று சொன்னார். சின்னச் சின்னத் தாள்களைப் பத்திரமாகக் காப்பதில் நமக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கிறது என்பது அவர் வாதம். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஹேக்கராலும் திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. அப்பாவுக்கு ஏதாவது என்றால் அம்மாவால் திறக்க முடியும். இந்த இரண்டாவது விஷயத்தில் டைரியை மிஞ்ச எந்த ஆப்பும் திணறுகிறது.

டைரியின் நிஜமான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கையால் பார்த்துத் தட்ட வேண்டியதால் யாரும் இருபது எழுத்துப் பாஸ்வேர்டு வைப்பதில்லை. ஊர்ப்பெயரும் எண்ணும்தான் வரும். அதைவிடப் பெரிய குறை, டைரிக்குப் போலித் தளத்தைத் தெரியாது. "இன்றைக்குள் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று குறுஞ்செய்தி வருகிறது. இணைப்பைத் தொட்டால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம். அப்பா டைரியைப் பார்த்துப் பொறுமையாக, ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் திருடனுக்குத் தட்டிக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்டு மேனேஜர் அப்படியல்ல. சேமித்த முகவரியும் திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியும் ஒன்றா என்று பார்க்கும். இல்லையென்றால் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்றைக்கு ஏன் பேசாமல் இருக்கிறது என்று நாம் ஒரு நொடி யோசிப்போம் இல்லையா, அந்த ஒரு நொடிதான் என்னைப் பொறுத்தவரை இந்த மென்பொருள்களின் முதல் லாபம்.

கூகுளும் ஆப்பிளும்

"பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று குரோம் கேட்க, சரி என்று தொட்டவர்கள் எல்லாம் ஏற்கெனவே பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துபவர்கள்தான். காசு இல்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு போனும் குரோமும் மட்டும் புழங்குபவருக்கு இதுவே போதும் என்று சொல்லத் தயங்க மாட்டேன். மூன்று பாஸ்வேர்டில் காலம் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆப்பிளில் இந்த வசதி செட்டிங்ஸுக்குள் புதைந்து கிடந்தது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோது தனி ஆப்பாக வெளியே எடுத்து வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் அது அருமை. விண்டோஸ் கணினியிலும் எடுக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டுக்கு வராது. அப்பாவிடம் ஒரு கம்பெனி போன், மகளிடம் இன்னொன்று என்று இருக்கும் நம் வீடுகளில் இது சீக்கிரம் இடிக்கும். கூகுளுடையது ஐபோனிலும் குரோம் வழியாக வேலை செய்யும்.

இரண்டிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. போனின் பின் நம்பர்தான் பெட்டகத்தின் சாவியாகவும் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் மதுக்கூடங்களில் பின் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டு ஐபோனைப் பறிப்பவர்களைப் பற்றி 2023-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. போன் கையிலும் பின் நம்பர் மனதிலும் இருந்தால் வங்கிக் கணக்குவரை போய்விடலாம் என்று காட்டியது அந்தச் செய்தி. அதற்குப் பிறகுதான் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-இல் திருட்டுப்போன போனுக்கான தனிப் பாதுகாப்பை ஆப்பிள் கொண்டுவந்தது. நம் ஊரில் எட்டிப் பார்க்கவே வேண்டாம். கார்ட்டூன் பார்க்கும் ஆறு வயதுப் பையனுக்கும் அம்மாவின் பின் நம்பர் தெரியும்.

இன்னொன்று, எல்லா முட்டையும் ஒரே கூடையில். 2022-இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு சம்பவம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையின் பாதிக்கப்பட்ட இடத்தைப் படம் எடுத்தார். தானியங்கிச் சோதனை அதைத் தவறாகப் புரிந்துகொள்ள, அவருடைய கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், படங்கள், போன் எண் எல்லாம் போயின. இப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும் மெயிலும் பாஸ்வேர்டும் ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பதை அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கீபாஸ்

மனதுக்குப் பிடித்தது இதுதான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்ல் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். பாஸ்வேர்டுகள் எல்லாம் பூட்டப்பட்ட ஒரே கோப்பில் இருக்கும். எந்தக் கம்பெனியின் சர்வரும் இல்லை, மாதச் சந்தா இல்லை, கணக்கு தொடங்கும் சடங்கும் இல்லை. கோப்பு உன்னுடையது, காப்பாற்றுவது உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் என்று அதே கோப்பைத் திறக்கும் பல ஆப்கள் உண்டு.

"உன் பாடு" என்பதில்தான் எனக்கு அடி சறுக்கியது. போனில் ஒரு பாஸ்வேர்டை மாற்றினேன். அதே நேரத்தில் லேப்டாப்பில் பழைய கோப்பு திறந்தே இருந்தது. அங்கேயும் ஏதோ சேர்த்தேன். இரண்டு கோப்புகள் ஆகிவிட்டன. எது புதிது என்று தெரியாமல் தவறானதை அழித்தேன். மின்கட்டணம் கட்டும் கணக்கின் பாஸ்வேர்டு அதோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு கோப்புகளையும் ஒன்றாக இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியில் இருக்கிறது என்பது அழித்த பிறகுதான் தெரிந்தது. தவறு என்னுடையதுதான். ஆனால் நானே செய்த தவறை என் மனைவி செய்ய மாட்டாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? அவள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஆப் திறந்தா ஃபைல் எங்கன்னு என்னையே கேக்குது" என்று நீக்கிவிட்டாள்.

இதை எடுக்க நினைப்பவர்கள் தேடுபொறியின் விளம்பரத்தைத் தொட்டு இறக்கிவிட வேண்டாம். கீபாஸ் என்ற பெயரிலேயே விஷம் கலந்த போலி நிறுவல் கோப்புகள் விளம்பரங்கள் வழியாகப் பரவியதை 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள்.

லாஸ்ட்பாஸில் நடந்தது

சரி, கோப்பைச் சுமக்க வேண்டாம், கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்றால் உடனே வரும் கேள்வி, அந்தக் கம்பெனிக்குள் திருடன் புகுந்தால்? புகுந்தான். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பேன்.

2022 ஆகஸ்டில், மென்பொருள் உருவாக்கும் பகுதிக்குள் யாரோ நுழைந்ததாகவும் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுக்கு ஆபத்தில்லை என்றும் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் கம்பெனி அறிவித்தது. நுழைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முக்கியச் சாவிகளை அணுகும் அதிகாரம் அந்தக் கம்பெனியில் நான்கே பொறியாளர்களுக்கு இருந்தது. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில், அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்து, பெட்டகம் முழுவதையும் திறக்க அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்துவிட்டார்கள். அந்த டிசம்பர் 22-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால், வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களே களவு போய்விட்டன என்ற உண்மை வெளிவந்தது.

பெட்டகத்தில் பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்கள் என்ற முகவரிகள் பூட்டப்படாமல் கிடந்தன. யாரிடம் கிரிப்டோ கணக்கு இருக்கிறது, யாரை முதலில் உடைக்கலாம் என்று பட்டியல் போட அது போதும். அடுத்தது, மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகிப்பவனைத் தாமதப்படுத்த, அதை ஒரு கணக்கீட்டில் போட்டுப் பல்லாயிரம் முறை அரைத்துத்தான் சாவி செய்வார்கள். புதிய கணக்குகளுக்கு அது 1,00,100 முறை. பழைய கணக்குகள் பலவற்றில் 5,000 முறைதான், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. ஆண்டுக்கணக்காக யாரும் அவற்றை உயர்த்தி வைக்கவில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. நகல் ஒருமுறை வெளியே போய்விட்டால், நாம் பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவதால் பயனில்லை. திருடனிடம் இருக்கும் நகல் பழைய பூட்டோடுதான் இருக்கும். பத்து வருடம் உட்கார்ந்துகூட முயற்சி செய்துகொண்டிருக்கலாம்.

நான் இதிலிருந்து கம்பெனிகளே வேண்டாம் என்ற முடிவுக்கு வரவில்லை. பெட்டகம் களவு போகும் என்று முன்கூட்டியே நினைத்துக் கட்டியவர்கள் யார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மீந்த இரண்டு

கனடாவின் 1பாஸ்வேர்டு இந்தக் கேள்விக்கு அழகான விடை வைத்திருக்கிறது. கணக்கு தொடங்கும்போதே நம் சாதனத்தில் நீளமான ஓர் இரகசியச் சாவி உருவாகிறது. அது அவர்களுடைய சர்வருக்குப் போவதே இல்லை. மாஸ்டர் பாஸ்வேர்டும் அந்தச் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். சர்வரைக் கொள்ளையடித்தவனிடம் இரண்டாவது சாவி இருக்காது. நம் மாஸ்டர் பாஸ்வேர்டு சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடலாம். குடும்பத் திட்டத்தில் இன்னொரு வசதி: ஒருவர் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், குடும்பத்தில் நிர்வாகியாக இருப்பவர் அவருடைய கணக்கை மீட்டுத் தரலாம். மறதிக்கு இவ்வளவு நல்ல மருந்து வேறெங்கும் நான் பார்க்கவில்லை. அலங்காரத்திலும் இதுதான் முதல் இடம்.

தடுப்பது காசுதான். இலவசத் திட்டம் கிடையாது. ஒருவருக்கே ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அதுவும் டாலரில். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமே திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட்டுக்கு 2021-இல் வந்த விதிகளுக்குப் பிறகு, வெளிநாட்டுச் சந்தாக்கள் புதுப்பிக்கும் நாளில் முறுக்கிக்கொள்வது நமக்கெல்லாம் பழகிய தலைவலி. சந்தா அறுந்தாலும் சேமித்ததைப் பார்க்க விடுவார்கள், புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. ஆனாலும் வீட்டுச் சாவிக்கு வருடா வருடம் டாலரில் வாடகை என்பது என் மனதுக்கு ஒட்டவில்லை. வாங்கும் வசதியும், வீட்டில் நாலைந்து பேரும், அவர்களில் ஒருவருக்குக் கணினி விவரமும் இருந்தால் தாராளமாக இதையே எடுங்கள்.

பிட்வார்டன் 2016-இல் வந்தது. மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும் எத்தனை சாதனங்களிலும் வைத்துக்கொள்ளலாம். தள முகவரிகளும் சேர்த்தே பூட்டப்படுகின்றன. அரைக்கும் எண்ணிக்கை இப்போது 6,00,000 முறை, வேண்டுமென்றால் ஆர்கான்2 என்ற இன்னும் கடினமான முறைக்கும் மாறலாம். இரண்டாவது சாவி கிடையாது. எனவே மாஸ்டர் பாஸ்வேர்டின் பலத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அதை மறந்தால் கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியாது, கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்வார்கள்.

காசு கட்டும் திட்டத்தில் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு. என்னை இங்கே நிறுத்திவைத்தது அதுதான். நம்பும் ஒருவரைக் குறித்துவைக்கிறோம். அவருக்கு இலவசக் கணக்கு இருந்தால் போதும். அவர் திறக்கக் கேட்டால் நமக்கு மெயில் வரும். நாம் குறித்த நாட்கள் கழியும்வரை மறுக்கவில்லை என்றால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். நான் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தால் மறுக்க மாட்டேன், கதவு திறந்துவிடும். பல ஆண்டுகளாக வருடத்துக்கு 10 டாலராக இருந்த திட்டம். விலை அவ்வப்போது மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் பாஸ் 2023-இல் வந்தது. இலவசத்தில் அதுவும் தாராளம்தான். ஆனால் பிட்வார்டனில் உட்கார்ந்த பிறகு எழுந்து போக எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மேனேஜர் எதுவானாலும் நம் வங்கிகள் கொஞ்சம் வம்பு செய்யும். பெயர் ஒரு பக்கம், பாஸ்வேர்டு அடுத்த பக்கம், நடுவில் திரையில் விசைப்பலகை, ஒட்டுவதற்குத் தடை. அப்போது பார்த்துத்தான் தட்ட வேண்டும். யுபிஐ பின் நம்பரை எதிலும் சேமிக்காதீர்கள், அது தலையிலேயே இருக்கட்டும்.

மாஸ்டர் பாஸ்வேர்டு, ஒரு துண்டுச் சீட்டு

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு டைஸ்வேர் என்றொரு முறை 1995 முதல் இருக்கிறது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில், பகடை உருட்டி விழும் எண்களுக்கான சொற்களை எடுத்துக் கோப்பது. ஐந்தாறு சொற்கள் போதும். சொற்களை நாமே யோசித்து எடுக்கக் கூடாது, பிடித்த பாட்டின் வரியும் கூடாது. நான் முதலில் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் வாழைக்காயில் மாட்டிக்கொண்டேன். ழகரத்துக்கு எந்த எழுத்து போட்டேன், நெடிலுக்கு ஒரு ஏவா இரண்டா, க்க வந்தால் கே ஒற்றையா இரட்டையா? எட்டு விதமாகத் தட்டிப் பார்த்து ஒன்பதாவதில் திறந்தது. அன்றைக்கே ழ, ள, ற எல்லாவற்றுக்கும் விடை கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்தில் போன் கீழே விழுந்து திரை செத்தது. மெயிலில் பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரட்டைப் பாதுகாப்புக் குறியீட்டைத் தரும் ஆப் அந்தப் போனுக்குள். மெயிலின் பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள். பெட்டகம் கேட்ட குறியீடு மெயிலுக்குள். மச்சான் போனை வாங்கி வைத்துக்கொண்டு மண்டப வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். பிட்வார்டனில் இரட்டைப் பாதுகாப்பு வைக்காதவர்களுக்கும் இது பொருந்தும். 2025 மார்ச் முதல், புதிய சாதனத்தில் நுழையும்போது அவர்களுடைய மெயிலுக்குக் குறியீடு அனுப்பிக் கேட்கிறது. மெயிலின் பாஸ்வேர்டைப் பெட்டகத்துக்குள் மட்டும் வைத்திருப்பவர் பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டியவர்.

அதனால் இப்போது ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். மாஸ்டர் பாஸ்வேர்டு, மெயிலின் பாஸ்வேர்டு, இரண்டுக்கும் மீட்புக் குறியீடுகள். ஒட்டிய கவரில் ஒரு நகல் திருச்சி பீரோவில், ஒன்று அக்கா வீட்டில்.

அப்பாவின் டைரியை நான் பிடுங்கவில்லை. ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துவிட்டு, மெயிலுக்கும் வங்கிக்கும் புதிதாகச் சொற்களைக் கோத்து அவர் கையாலேயே எழுதவைத்தேன். குறுஞ்செய்தியில் வரும் எந்த இணைப்புக்கும் டைரியைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மற்ற தளங்களை அவர் போனில் கூகுளே பார்த்துக்கொள்கிறது. நானும் மனைவியும் பிட்வார்டனில். என் கணக்குக்கு மட்டும் காசு கட்டி, அவசர அணுகலுக்கு அவளைக் குறித்து, ஏழு நாள் வைத்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்த்தோம். அவள் கேட்டாள், எனக்கு மெயில் வந்தது, வாய் திறக்காமல் இருந்தேன். ஏழு நாள் கழித்துப் பெட்டகம் அவளுக்குத் திறந்தது. என்ன தேடுவாள் என்று பார்த்தேன். டீமேட் கணக்கு, இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும், கன்ஸ்யூமர் நம்பர் எங்கே என்றாள். அதில் இல்லை. கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. போன் போட்டால், அவர் டைரியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.